வலப்பக்கம் மலை, இடப்பக்கம் சேறு

1

இந்த வாரத்தோடு நான் ஸ்காட்லாந்துக்கு வந்து இருபத்திரண்டு வருஷம் முடிகிறது. போன வருஷம் இதே நாளில் என் மனைவி செல்வி கேசரி கிளறினாள். இந்த வருஷம் அதுவும் இல்லை. நான் சோபாவில் கால் நீட்டிக் கிடக்கிறேன். ஃப்ரீசரிலிருந்து எடுத்த பச்சைப் பட்டாணிப் பொட்டலம் முழங்காலுக்கு ஒன்றாக வைத்திருக்கிறேன். உட்கார்ந்தால் வலி, எழுந்தால் வலி, தும்மினால் முதுகில் வலி. நான் ஓட்டுவது டவுன் பஸ். டிப்போவில் மூன்று நாள் லீவு கேட்டபோது என்ன காரணம் என்றார் சூப்பர்வைசர். சைக்கிள் என்றேன். எங்கே விழுந்தாய் என்றார். விழவில்லை, ஓட்டினேன் என்றேன். என் வயது ஐம்பத்து மூன்று என்பது அவருக்குத் தெரியும். மேலே எதுவும் கேட்காமல் லீவு எழுதினார்.

சைக்கிள் என்றதும் நம்மூர்த் தேரடி வீதியில் போகிற சைக்கிளை நினைத்துக்கொள்ளாதீர்கள். இதன் டயர் மோட்டார் சைக்கிள் டயர் தடிமன் இருக்கும். முன்னால் ஸ்பிரிங். கியர் பன்னிரண்டு. எனக்குப் பயன்பட்டது கடைசிக் கியர் ஒன்றுதான், அதற்கும் கீழே இன்னொன்று இருந்தால் தேவலை என்றிருந்தது. கேரியர் கிடையாது, ஸ்டாண்டு கிடையாது, பெல்கூட இல்லை. வருஷம் முழுக்க மழை பெய்கிற நாட்டில் மட்கார்டு இல்லாத சைக்கிளை விற்கிறார்கள், அதை ஆசையாக வாங்குகிற ஆட்களும் இருக்கிறார்கள். இந்த வண்டியில் நாலு நாள், கிழக்குக் கடற்கரையிலிருந்து மேற்குக் கடற்கரை வரை, நடுவில் கிடக்கிற மலைநாட்டைக் குறுக்கே கடந்தேன். ஆசைப்பட்டுப் போகவில்லை. என் மகள் யாழினி கூப்பிட்டாள்.

யாழினிக்கு இருபது வயது. இரண்டு வருஷம் பார்மசி படித்தாள். பிறகு ஒரு வருஷம் இடைவெளி வேண்டும் என்று காலேஜில் எழுதிக் கொடுத்துவிட்டு மலைப்பக்கம் போய்வர ஆரம்பித்தாள். மழையில் அரித்துப்போன மலைப்பாதைகளைச் சரிசெய்கிற ஒரு கூட்டத்தோடு சேர்ந்தாள். பாதைக்குக் கல் அடுக்குவார்கள், தண்ணீர் வடியக் குறுக்கே வாய்க்கால் வெட்டுவார்கள். ஏதோ பொழுதுபோக்கு, வயசுப் பிள்ளைகள் நாலு இடம் சுற்றட்டும் என்று இருந்தேன். ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னாள், அந்த வேலையைச் சம்பளத்துக்கே செய்யக் கூப்பிட்டிருக்கிறார்களாம். காலேஜுக்குத் திரும்பப் போவதில்லையாம்.

"நூறு நாள் வேலைக்குப் போறதுக்கா உன்ன படிக்க வச்சேன்?" என்று கத்தினேன்.

நூறு நாள் வேலை என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியாது. செல்விக்குத் தெரியும். அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

எங்கள் குடும்பத்துக்குக் கீழ்பென்னாத்தூர் பக்கம் மல்லாட்டைக் கொல்லை, நிலக்கடலை போடுகிற நிலம். களை வெட்டி, வரப்பு போட்டு, ஏரி தூர்வாரப் போய், பதினேழு வயதிலேயே எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. மம்மட்டியைக் கீழே போட வேண்டும் என்பதற்காகத்தான் டிப்ளமா படித்தேன். அதற்காகத்தான் விமானம் ஏறினேன். வந்த இடத்தில் ஓட்டல் சமையல்கட்டில் நின்றேன், பிறகு பஸ் ஓட்டினேன். எது செய்தாலும் மண்ணைத் தொடவில்லை என்று ஒரு நிம்மதி இருந்தது. என் மகள் வெள்ளைக் கோட்டு போடுவாள் என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன்.

அவள் கத்தவில்லை. "நாலு நாள் என்கூட வாங்கப்பா. வந்து பாருங்க. பாத்துட்டு சொல்லுங்க" என்றாள்.

"பாத்துட்டு வேணாம்னு சொன்னா?"

"பாத்துட்டு சொல்லுங்க" என்றாள் மறுபடியும்.

அதை, நான் சொன்னால் கேட்டுக்கொள்வாள் என்கிற வாக்குறுதியாக எடுத்துக்கொண்டேன். திரும்பி வருகிறாயா இல்லையா என்று காலேஜ் கடிதம் போட்டிருந்தது. பதில் சொல்லக் கடைசி நாள், நாங்கள் பயணம் முடித்து வருகிற திங்கட்கிழமை. அதற்குள் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுவது, அவள் படிப்பைக் காப்பாற்றிவிடுவது. இந்த ஒரே நினைப்பில்தான் சைக்கிளில் ஏறினேன்.

2

எங்கள் ஊர்க்காரனுக்கு மலை என்றால் சுற்றுவதற்கு. பிறந்ததிலிருந்து மலையைப் பார்த்துக்கொண்டே இருக்கிறோம், பல் தேய்க்கும்போதும் பஸ்ஸுக்கு நிற்கும்போதும் அது எதிரிலேயே நிற்கிறது. ஆனால் அதன்மேல் ஏறி அந்தப் பக்கம் இறங்கலாம் என்று யாருக்கும் தோன்றியதில்லை. கார்த்திகைக்கு உச்சியில் தீபம் ஏற்றக் கொப்பரை தூக்குகிறவர்கள் ஏறட்டும். நாம் அடிவாரத்தில் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவோம். இங்கே இருப்பவர்களுக்கு மலையைக் கண்டால் குறுக்கே போக வேண்டும். என்ன அவசரமோ.

முதல் நாள் காட்டுப்பாதை. அதுதான் சுலபமான நாள் என்றாள் யாழினி. மதியத்துக்குள் உட்காருகிற இடம் புண்ணாகிவிட்டது. மலையேறப் போனாலும் மச்சான் தயவு வேண்டும் என்பார்கள். எனக்கு இந்த நாட்டில் மச்சானும் இல்லை. ஒவ்வொரு மேட்டின் உச்சியிலும் யாழினி நின்றுகொண்டிருப்பாள். எனக்காக நிற்கிறாள் என்று தெரியக்கூடாதாம், போட்டோ எடுப்பதுபோல் போனைத் தூக்கிப் பிடித்திருப்பாள். மழையில் எதிரே ஒன்றும் தெரியாது. எதைத்தான் எடுத்தாளோ.

பள்ளத்தாக்குகளுக்கெல்லாம் பெயர் உண்டு. எழுதினால் எனக்கே வாசிக்க வராது, விட்டுவிடுகிறேன். வழி முழுக்க ஈரமான பழுப்பு, அதன்மேல் ஈரமான சாம்பல். மனிதர் கிடையாது, டீக்கடை கிடையாது. கண்ணுக்குத் தெரியாத ஒரு கொசு உண்டு, காற்று நின்றால் போதும், கூட்டமாக வந்து காதுக்குள் புகுந்துவிடும்.

ஒரு பாறை ஓரமாக உட்கார்ந்தோம். "அப்பா, நான் பசிக்கிறேன்" என்றாள்.

அவள் பத்து வயசு வரைக்கும் திருத்திக்கொண்டிருந்தேன். எனக்குப் பசிக்குதுன்னு சொல்லணும்மா, நான் பசிக்கிறேன் இல்லை. அப்புறம் ஷிப்ட், ஓவர்டைம், அவளுக்கு ஸ்கூல், டியூஷன். திருத்துவது எப்போது நின்றது என்று நினைவில்லை. அவள் பேசுகிறாளே, அதுவே போதும் என்கிற இடத்துக்கு நான் வந்து ரொம்ப நாளாகிறது. செல்வி கட்டிக் கொடுத்த புளிசாதத்தை அவள் சைக்கிள் கிரீஸ் ஒட்டிய விரலாலேயே அள்ளிச் சாப்பிட்டாள். எனக்கு ஒரு ஸ்பூன் கொடுத்தாள். நான் கையைக் கழுவ இடம் தேடிக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறாள்.

3

இதை நடுவில் சொல்லிவிட வேண்டும். பயணத்துக்கு இரண்டு நாள் முன்னால், வீட்டில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, அவள் காலேஜுக்கு நான் போன் செய்தேன். கடைசித் தேதியைக் கொஞ்சம் தள்ளிக் கொடுப்பீர்களா என்று கேட்கலாம் என்று நினைத்தேன்.

பெயர் கேட்டார்கள். அருணாசலம் அருணாசலம் என்றேன். சிரிக்காதீர்கள். என் பாஸ்போர்ட்டில் ஒரே பெயர்தான். இந்த நாட்டு விண்ணப்பங்களில் பெயருக்கு இரண்டு கட்டம் இருக்கும், இரண்டையும் நிரப்பாவிட்டால் அடுத்த பக்கம் திறக்காது. அதனால் இரண்டு கட்டத்திலும் அதையே எழுதினேன். இருபத்திரண்டு வருஷமாக இரண்டு தடவை அருணாசலமாகத்தான் வாழ்கிறேன். டிப்போவில் அதையும் சுருக்கி ஆரன் ஆக்கிவிட்டார்கள்.

அந்தப் பக்கம் பேசிய அம்மாள் ரொம்பத் தன்மையாகப் பேசினார். மாணவியின் அனுமதி இல்லாமல் எதுவும் சொல்ல முடியாது என்றார். நான் அவள் தகப்பன் என்றேன். புரிகிறது என்றார். அப்படி ஒரு மாணவி இங்கே படிக்கிறாளா இல்லையா என்பதைக்கூட எங்களால் உறுதிசெய்ய முடியாது, மன்னிக்கவும் என்றார். அவர் மூன்று தடவை மன்னிக்கச் சொன்னார், நான் மூன்று தடவையும் பரவாயில்லை என்றேன். பரவாயில்லையாவது.

நம்மூரில் என்றால் பிரின்சிபால் ரூமுக்கு நேராகப் போகலாம். சார், பொண்ணு சின்னப் பொண்ணு, புத்தி சொல்லுங்க என்று கெஞ்சலாம். இங்கே என் மகள் ஒரு தனி ஆள், அவளுக்கும் எனக்கும் நடுவில் சட்டம் ஒரு கண்ணாடிக் கதவைப் போட்டிருக்கிறது. அவளைப் பெற்று வளர்த்தவன் வெளியே நின்று தட்டிக்கொண்டிருக்கிறேன். அன்றைக்கு எனக்கு அழுகை வரவில்லை, அசதிதான் வந்தது.

4

இரண்டாம் நாள் எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. காரணம் வாய்க்கால்கள்.

மலைப்பாதையின் குறுக்கே இருபது முப்பது அடிக்கு ஒன்றாகக் கல் வைத்து ஒரு சாண் அகலத்துக்கு வாய்க்கால் விட்டிருக்கிறார்கள். மேலிருந்து வரும் தண்ணீர் பாதையோடு ஓடாமல் அதில் விழுந்து ஓரமாக வடிந்துவிட வேண்டும். யாழினி ஒவ்வொன்றிலும் இறங்கினாள். அடைத்துக்கொண்டிருந்த சரளையையும் வேரையும் பூட்ஸ் காலால் தள்ளினாள், முடியாவிட்டால் குனிந்து கையால் வாரி எறிந்தாள். மறுபடி ஏறினாள். அடுத்ததில் இறங்கினாள். நாலு மேட்டை மூச்சிரைக்க ஏறி ஒரு இறக்கத்துக்கு வந்து சேர்ந்த எனக்கு, அந்த இறக்கத்தையும் ஓட்ட விடாமல் முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.

"உனக்கு யாராவது சம்பளம் குடுக்கறாங்களா இதுக்கு?" என்றேன்.

"தண்ணி பாதையில நின்னா பாதை செத்துடும்ப்பா" என்றாள், நிமிராமல்.

"செத்தா இன்னா? யாரு வரப் போறாங்க இந்தப் பக்கம்?"

"நாம வந்துருக்கோம்ல."

பொழுது சாயும்போது ஒரு கல் வீட்டுக்கு வந்தோம். ஒரே அறை, ஒரு கணப்பு, மரப்பலகைகள். பூட்டு இல்லை. யார் வேண்டுமானாலும் வந்து தங்கலாம், வாடகை கிடையாது.

"வாட்ச்மேன் யாரு?" என்று கேட்டேன்.

"யாரும் இல்ல."

"அப்ப யாரு பாத்துக்கறாங்க?"

"வர்றவங்கதாம்ப்பா."

அவள் விளக்குமாற்றை எடுத்துப் பெருக்க ஆரம்பித்தாள். வீட்டில் அவள் அறையைப் பெருக்கச் சொல்லிச் செல்வி கரடியாய்க் கத்துவாள், நடக்காது. இங்கே யாரோ விட்டுப்போன மெழுகுவர்த்தித் துண்டுகளைக்கூட வரிசையாக அடுக்கி வைத்தாள். பலகையில் படுத்துக்கொண்டு பார்த்தேன். இந்தப் பெண் யார் என்று இருந்தது. ஒரே கூரையின்கீழ் இருபது வருஷம் இருந்திருக்கிறேன், பாதி நேரம் அவள் தூங்கிய பிறகு வீட்டுக்கு வந்து, அவள் எழுவதற்கு முன்னால் கிளம்பியிருக்கிறேன். நாளைக்கே சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். வேண்டாம், நாலாவது நாள்தான் பேச்சு, அவசரப்பட்டால் காரியம் கெட்டுவிடும் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

5

மூன்றாம் நாள் காலை மேப்பை விரித்துக் காட்டினாள். பள்ளத்தாக்கு முடிகிற இடத்தில் ஒற்றையாக ஒரு மலை நிற்கும், பாதை அதற்கு முன்னால் இரண்டாகப் பிரியும், வலது பாதையில் போக வேண்டும். தலையாட்டினேன்.

"நீங்க முன்னாடி போங்கப்பா. உங்க ஸ்பீட்ல நான் பின்னாடி வரேன்" என்றாள்.

மலை வந்தது. இங்கே மலைகள் கூட்டம் கூட்டமாகத்தான் நிற்கும், ஒன்றின் தோளை ஒன்று பிடித்துக்கொண்டு. இது அப்படி இல்லை. பக்கத்தில் ஒட்டும் இல்லை உறவும் இல்லை, தனியாக, தலையில் மேகத்தோடு நின்றது. பாதை பிரிந்தது. நான் நிற்கவில்லை, யோசிக்கவில்லை. கை இடது பக்கம் வண்டியைத் திருப்பியது. மலை வலது பக்கம் வந்தது.

தினமும் ரூட் பார்த்துப் பஸ் ஓட்டுகிறவன் நான். ஒரு ஸ்டாப்பிங்கைத் தவறவிட்டதில்லை. காலையில்தான் மேப்பில் விரல் வைத்துக் காட்டினாள். அத்தனையும் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலம் போன உடம்பு இது. தனியாக ஒரு மலை எதிரே நின்றால் அதை வலது கைப்பக்கம் வைத்துத்தான் அதற்கு நகரத் தெரியும். இடமாகச் சுற்றுவது சாவுக் காரியத்துக்குத்தான்.

பாதை அருமையாக இருந்தது. லேசான இறக்கம். மழை விட்டிருந்தது. மூன்று நாளில் முதல் தடவையாக எங்கேயும் வலிக்கவில்லை. வாய்விட்டு ஒரு அரோகராகூடப் போட்டேன். திரும்பிப் பார்த்தால் யாழினி பின்னாலேயே வந்துகொண்டிருந்தாள். அரை மணி நேரம் அப்படி ஓட்டினேன். பிறகு பாதை மெலிந்து, ஆட்டுத்தடமாகி, ஒன்றும் இல்லாமல் போனது. எதிரே பச்சைப் பசேல் என்று ஒரு சமவெளி. வண்டியை விட்டு இறங்கி, பார்க்க நன்றாக இருக்கிறதே என்று அதில் காலை வைத்தேன். தொடை வரை உள்ளே போய்விட்டது.

"ஆடாதீங்க! அப்பா, ஆடாத!"

கோபம் வந்தாலும் பயம் வந்தாலும் அவளுக்கு 'நீங்க' போய் 'நீ' வந்துவிடும். சைக்கிளைச் சேற்றின்மேல் படுக்கப் போட்டாள், அதன்மேல் அவள் படுத்தாள், என் இடுப்பு பெல்ட்டைப் பிடித்தாள். இழுக்காதே, முன்னால் சாய், மெதுவாக, இன்னும் மெதுவாக என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் வெளியே வந்தேன், ஷூ வரவில்லை. அவள் மறுபடி குப்புறப் படுத்து, அந்தக் குழிக்குள் தோள் வரை கையை விட்டு, முகத்தைச் சேற்றில் பதித்துத் துழாவி, ஷூவை எடுத்துக் கொடுத்தாள்.

இரண்டு பேரும் ஒரு பாறைமேல் உட்கார்ந்தோம். நான் சாக்ஸைக் கழற்றிப் பிழிந்தேன்.

"ஏம்ப்பா லெஃப்ட்ல வந்தீங்க?"

"மலை வலது பக்கம் இருக்கணும்" என்றேன்.

அவளுக்குப் புரிந்தது. ஏழு வயதில் அவளைக் கிரிவலம் கூட்டிப் போயிருக்கிறேன். வழியில் இருக்கிற நிருதி லிங்கம் தாண்டியதும் கால் சுடுகிறது என்று அழுதாள், மிச்ச தூரம் தோளில் தூக்கிக்கொண்டு போனேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"ரைட்ல போகணும்னு எனக்குத் தெரியும்ப்பா. நீங்க திரும்பும்போதே பாத்தேன்."

"பாத்தியா? சொல்ல வேண்டியதுதான?"

"நீங்க சிரிச்சிட்டே ஓட்டினீங்க. அந்த மாதிரி நான் பாத்ததே இல்ல." ஷூவிலிருந்து சேற்றை வழித்தாள். "அரை நாள்தான போகும்னு வந்தேன்."

பிறகு வேறு எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னாள். "பார்மசியும் இப்படிதாம்ப்பா. நீங்க முன்னாடி போனீங்க, சந்தோஷமா இருந்தீங்க. நான் பின்னாடி வந்தேன். அது ரெண்டு வருஷம்."

ஷூவை அவளிடமிருந்து வாங்கி ஈரத்தோடேயே மாட்டிக்கொண்டேன்.

வலது பாதைக்குக் குறுக்கு வழி என்று சேற்று நிலத்தின் ஓரமாகவே திரும்பிப் போனோம், மூன்று மணி நேரம் ஆனது. முன்னால் அவள் போனாள். "பளபளன்னு பச்சையா இருந்தா கால் வைக்காதீங்க. பழுப்பா பாத்து வைங்க" என்றாள். மோசமான இடங்களில் என் சைக்கிளைத் தோளில் சுமந்து அந்தப் பக்கம் வைத்துவிட்டு, மறுபடி வந்து தன்னுடையதைச் சுமந்தாள். நான் வெறும் ஆளாக, ஒரு குச்சியை ஊன்றிக்கொண்டு பின்னால் நடந்தேன். வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்துக்குள்ளேயே ஒரு பெருமையும் இருந்தது, அதை நினைத்து இன்னும் வெட்கமாக இருந்தது.

6

அன்று சாயங்காலம் வலது பாதையைப் பிடித்து ஒரு சின்ன ஊருக்கு வந்ததும் போனுக்கு உயிர் வந்தது. உடனே என் தம்பி ஏழுமலையின் அழைப்பு. அவனுக்கு ஊரில், வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை.

"இன்னாண்ணா, மூணு நாளா லைனே கெடைக்கல?"

"மலையில இருந்தேன்டா."

"எந்த மலை?"

"இங்க ஒரு மலை. சுத்தப் போயி பாதியில திரும்பிட்டேன்."

"பாதியில திரும்பக் கூடாதுண்ணா, சுத்தினா முழுசா சுத்தணும். வலமாத்தான போன?"

"வலமாத்தான்."

"அப்ப பரவால்ல வுடு" என்றான். பிறகு மகள் பேச்சு வந்ததும் குரலைக் கொஞ்சம் கூட்டி, "நம்ம திவ்யாவுக்கு பார்மசில சீட்டு கெடைச்சிருச்சுண்ணா. எல்லாம் நம்ம யாழினி பாப்பாவ பாத்துதான். அக்கா படிக்கிறதுதான் நானும் படிப்பேன்னு ஒரே புடிவாதம். பாப்பா நல்லா படிக்குதா?" என்றான்.

யாழினி பக்கத்து மேஜையில் சூப் குடித்துக்கொண்டிருந்தாள். ஸ்பீக்கர் போடவில்லை, ஆனால் ஏழுமலைக்கு ஸ்பீக்கர் தேவையில்லை, அவன் பேசினால் தெரு முனைக்குக் கேட்கும். அவள் ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"ம்" என்றேன். "நல்லா இருக்கா."

அவன் கேட்டது படிப்பை. நான் சொன்னது வேறு. யாழினி ஸ்பூனை எடுத்துக்கொண்டாள். ஏழுமலை, இதைப் படிக்கும்போதுதான் உனக்கு விஷயம் தெரியப்போகிறது. கோபித்துக்கொள்ளாதே. திவ்யா படிக்கட்டும். ஆனால் அவள் விரும்பித்தான் படிக்கிறாளா, இல்லை நீ முன்னால் போகிறாய் என்று பின்னால் வருகிறாளா என்று ஒரு நாள் உட்கார வைத்துக் கேள். கேட்டால் உடனே சொல்லமாட்டார்கள். இரண்டு மூன்று தடவை கேள்.

7

நாலாவது நாள் ஒரு கணவாய். இதைத் தாண்டினால் மேற்குக் கடல். முக்கால்வாசி தூரம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் ஏறினேன். உச்சிக்குக் கொஞ்சம் கீழே யாழினி நின்றாள். இந்தத் தடவை போனைத் தூக்கிப் பிடிக்கவில்லை.

"இங்கேந்து அந்த வளைவு வரைக்கும்" என்று கையை நீட்டினாள். "இந்தக் கல்லெல்லாம் நான் வச்சது. நானும் இன்னும் மூணு பேரும். போன ஸ்பிரிங் சீசன்ல."

ஐம்பது அறுபது அடி நீளம் இருக்கும். செங்குத்தான சரிவில் படிபடியாகக் கல் இறக்கியிருந்தார்கள். சைக்கிளைக் கீழே போட்டுவிட்டுக் குனிந்து பார்த்தேன். எங்கள் கொல்லை வரப்புக்கு ஓரக்கல் வைக்கும்போது என் அப்பா, கல்லில் மூன்றில் இரண்டு பங்கு மண்ணுக்குள் இருக்க வேண்டும் என்பார். சோம்பேறித்தனமாக மேலாக வைத்தால் முதல் மழைக்கே புரண்டுவிடும், அதற்காக நான் அடி வாங்கியிருக்கிறேன். ஒரு கல்லைப் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். ஆடவில்லை. இன்னொன்றை ஏறி மிதித்தேன், அதுவும் ஆடவில்லை. பத்துப் பன்னிரண்டு கல்லைச் சோதித்தேன். மேலே பெய்த மழை பாதையைத் தொடாமல் ஓரமாகச் சலசலத்துப் போய்க்கொண்டிருந்தது. யாழினி ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, ரிசல்ட் பார்க்க வந்தவள் மாதிரி நின்றாள்.

குறை கண்டுபிடிக்கத்தான் குனிந்தேன். இதைச் சொல்லிவிடுகிறேன். கிடைக்கவில்லை.

கடற்கரையில் ஒரு பெஞ்சு. பொரித்த மீனும் உருளைக்கிழங்கும் வாங்கி வந்தாள். நாலு நாளாக மனசுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்த பேச்சு ஒன்று என்னிடம் இருந்தது. படிப்பு முக்கியம், அப்பா பட்ட கஷ்டம், பிற்காலம் என்று எல்லாம் வரிசையாக இருந்தது. வாயைத் திறந்தேன்.

"சரிம்மா."

"என்ன சரி?"

"அந்த வேலைக்கே போ. நாளைக்கு காலேஜுக்கு எழுதிடு."

அவள் கடலைப் பார்த்தாள். தோள் குலுங்கியது.

"அப்பா, லெட்டர் அனுப்பிட்டேன். நாம கெளம்பறதுக்கு முன்ன வாரமே."

என் கையிலிருந்த வறுவலை ஒரு கடற்பறவை பிடுங்கிக்கொண்டு போனது. அதை விரட்டக்கூடத் தோன்றவில்லை. நான் காலேஜுக்குப் போன் செய்தபோதே அவள் அங்கே மாணவி இல்லை.

"அப்ப எதுக்கும்மா என்ன இந்த மலையெல்லாம் இழுத்துட்டு வந்த?"

"நீங்க சரின்னு சொல்லணும்னு."

"சொல்லாம இருந்திருந்தா?"

"போயிருப்பேன்" என்றாள். "ஆனா..." அதற்கு மேல் தமிழ் கிடைக்கவில்லை. ஆங்கிலத்தில் தேடினாள், அதிலும் கிடைக்கவில்லை. "போயிருப்பேம்ப்பா" என்றாள் மறுபடியும், அழுதுகொண்டே.

எனக்குக் கோபம் வந்தது. ஏமாந்துவிட்டேன் என்கிற கோபம். நாலு நாளாக அவள் வாழ்க்கை என் நாக்கு நுனியில் இருப்பதாக நினைத்து, அந்தப் பாரத்தையும் சேர்த்தல்லவா மலை ஏற்றினேன். அங்கே ஒன்றுமே இருக்கவில்லை. எழுந்து போய்விடலாம் என்று பார்த்தேன், முழங்கால் நிமிரவில்லை. போவதற்கு இடமும் இல்லை, முன்னால் கடல்.

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"இன்னொரு தடவ சொல்லுங்கப்பா. இப்ப எல்லாம் தெரிஞ்சிடுச்சில்ல. இப்ப சொல்லுங்க."

முதலில் நான் சொன்ன சரி, தகப்பன் கொடுத்த உத்தரவு. அதற்கு இனிமேல் ஒரு வேலையும் இல்லை. சொன்னாலும் போவாள், சொல்லாவிட்டாலும் போவாள். அவள் காத்துக்கொண்டிருந்தாள். கன்னத்தில் நேற்றைய சேறு இன்னும் கொஞ்சம் ஒட்டியிருந்தது.

"சரி" என்றேன். யாருக்கும் எதற்கும் தேவைப்படாத அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டு, அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்து நானும் அழுதேன்.